இரண்டு ஆள் சாப்பாடு

என் கிறுக்குத்தனத்தை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக மெஸ் நடத்துகிறேன். சாப்பிட வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை என்று கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டாத குறையாகப் பீற்றிக்கொள்கிறவன். அப்படிப்பட்டவன் கொரியாவுக்குப் போய், ஒரே சாயங்காலத்தில் நாற்பது பேரை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்பினேன். போகும்போது ஒவ்வொருவரும் எனக்குக் குனிந்து வணக்கம் வேறு சொன்னார்கள். நானும் பெரிய மனிதன் மாதிரி பதிலுக்குக் குனிந்தேன். இடுப்பு வலி இரண்டு நாளில் போய்விட்டது.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் அக்காள் மகன் செல்வம் அங்கே ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். வயது இருபத்தேழு. உடலைக் கொண்டுவர வீட்டிலிருந்து ஒருவர் வந்தால் நல்லது என்றார்கள். எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதுவும் சிங்கப்பூர் டூர் போகிறேன் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து எடுத்தது. அந்த டூர் குற்றாலத்தோடு நின்றுவிட்டது.

கொரியச் சாப்பாட்டைப் பற்றி எனக்கிருந்த ஞானத்தையும் சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள் லீவு நாளில் ராஜபாளையம் வந்தால் என் கடையில் எட்டிப் பார்த்து, கொரியன் நூடுல்ஸ் இருக்கா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாக்கெட் நூடுல்ஸில் வத்தல் பொடியை இரண்டு மடங்கு அள்ளிப் போட்டு, அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி மேலே வைத்து, வாசலில் ‘கொரியன்’ என்று போர்டும் வைத்துவிட்டேன். போர்டைப் போட்டோ பிடித்துச் செல்வத்துக்கு அனுப்பினேன். "மாமா, இதக் கொரியாக்காரன் பாத்தா ஒங்க மேல கேஸ் போட்ருவான்" என்று சிரித்துக்கொண்டே குரல் பதிவு அனுப்பினான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து வந்தது ஒரே ஒரு பதிவு. "வேல இருக்கு மாமா, பொறவு பேசுதேன்."

கிளம்புகிற அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காள் வீட்டுக்குப் போனேன். அத்தான் போய்ப் பல வருடமாயிற்று. செல்வத்துக்கு மூத்தவளைக் கான்சாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் வந்து அம்மாவுக்குக் காவல் இருந்தாள். சேதி வந்ததிலிருந்து அக்காள் வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை, வெறும் காப்பித் தண்ணிதான் என்று சொன்னாள். வீட்டில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கம்பெனி என்ன சொல்கிறது, எப்படி விழுந்தான், யார் பொறுப்பு என்று கேட்கச் சொல்லி அனுப்பினார்கள். அக்காள் மட்டும் வேறு ஒன்று கேட்டாள்.

"ஃபோன்ல தெனமும் சாப்டேன் சாப்டேன்னுதான் சொன்னான். பொய் சொல்லுதான்னு எனக்குத் தெரியும். அங்க என்ன தின்னான், ஒழுங்கா தின்னானான்னு கேட்டுட்டு வா. அது தெரியாம எனக்குத் தொண்டையில எறங்காது."

சரிக்கா என்றேன். சாப்பாட்டுக் கடைக்காரனுக்கு ஏற்ற வேலைதான்.

முதல் நாள். விமான நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்படிக் குளிர். தலையில் ராஜபாளையத்தில் வாங்கிய குரங்குக் குல்லாய். அங்கிருந்து பஸ். செல்வத்தின் சிநேகிதன் அந்தோணி, இவனும் வெல்டர்தான், சொந்த ஊர் நம்ம ஆலங்குளம், ஃபோனில் வழி சொல்லியிருந்தான். 103 என்று எண் போட்ட மாடிக் கட்டடம் தெரியும், அதற்கு எதிரே இறங்கி நில்லுங்கள் என்றான். 103 தெரிந்தது, இறங்கி நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த நாட்டில் ஒவ்வொரு குடியிருப்பிலும் 101, 102, 103 என்று வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது. கடற்காற்று குல்லாய்க்குள் புகுந்து காது வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. மூன்றாவது 103-க்கு எதிரே அந்தோணி நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணாச்சி என்றான், என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

அங்கே இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே துட்டிக்கென்று தனி மண்டபம் இருக்கிறது. ஒரு அறையில் வெள்ளைப் பூக்களுக்கு நடுவே செல்வத்தின் போட்டோ. வேலைக்கான அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த போட்டோ. உடம்பு உள்ளே குளிர்பெட்டியில். கூட்டிப்போய்க் காட்டினார்கள். அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

போட்டோ வைத்த அறையை ஒட்டி ஒரு கூடம். தரையில் உட்கார்ந்து சாப்பிடத் தாழ்வான மேசைகள், அவற்றின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் விரிப்பு. அந்தப் பக்கம் சமையல்கட்டு. ஏப்ரன் கட்டிய இரண்டு பெண்கள், அடுப்பில் இடுப்பளவு கொப்பரை. அதில் சிவப்பாக ஏதோ கொதித்தது. வாசனை நம் சால்னாவுக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது. மருமகனைப் பார்த்து அழுத கண் காயவில்லை, என் வயிறு சத்தம் போட்டது. வயிற்றுக்கு எப்போது என்ன பேச வேண்டும் என்று தெரிவதில்லை.

மண்டபத்து மேலாளர் கறுப்பு கோட்டில் வந்து ஏதோ கேட்டார். எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்கிறார் என்றான் அந்தோணி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடல் எடுக்கிற வரைக்கும் அடுப்பே மூட்டாத ஊரிலிருந்து வந்தவன் நான். எடுத்த பிறகும் சொந்தக்காரர்கள் ஆக்கிக்கொண்டு வந்து போடுகிறதைத்தான் தின்போம். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் பையன் கிடக்கிறான், இந்தப் பக்கம் பந்தியா? குழம்பில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். மாட்டுக்கறி என்றான். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"துட்டி வீட்டுல அடுப்பு எரியக் கூடாது. ஒரு ஆளுக்கும் சாப்பாடு வேண்டாம், அமத்தச் சொல்லு."

இங்கே வழக்கம் வேறு என்று அந்தோணி இழுத்தான். வழக்கத்தை எனக்கு நீ சொல்லித் தராதே, வாயை மூடு என்றேன். பாவம், மூடிக்கொண்டான். பெண்கள் அடுப்பை அணைத்தார்கள். கொப்பரை மேல் மூடி விழுந்தது.

சாயங்காலம் வேலை விட்டு நேராக வந்தார்கள். தளத்தின் நீலச் சட்டை, நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தடம். கொரியாக்காரர்கள், வியட்நாம்காரர்கள், நேப்பாளத்துப் பையன்கள். பத்தி கொளுத்தி, போட்டோவுக்கு முன்னால் இரண்டு முறை தரையில் விழுந்து கும்பிட்டு, என்னைப் பார்த்து ஒரு முறை குனிந்தார்கள். பிறகு பக்கத்துக் கூடத்துக்குப் போய் மேசை முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். களைத்துப் போய் உட்காருகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவர் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினார். சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார்கள். பத்து நிமிடம் இருக்கும். மேஸ்திரி மாதிரி இருந்த ஒரு பெரியவர் தம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்து எழுந்தார். அவர் பின்னால் எல்லோரும் எழுந்தார்கள். ஷூவை மாட்டிக்கொண்டு மறுபடி எனக்குக் குனிந்துவிட்டுப் போனார்கள். இப்படி நாலைந்து கூட்டம்.

கடைசி ஆள் போன பிறகுதான் அந்தோணி வாயைத் திறந்தான். "இங்க துட்டிச் சாப்பாடு வீட்டுக்காரவுக போடுறது இல்ல அண்ணாச்சி. செத்தவுகளே நமக்கு வைக்கிறதா நெனப்பாக. அவுகளோட உக்காந்து கடைசியா ஒரு வாய் சாப்பிடுறது. அதுக்குத்தான் வந்தாக."

ஏன்டா முன்னாடியே சொல்லவில்லை என்றேன். சொல்ல வந்தேன், வாயை மூடச் சொன்னீர்கள் என்றான். அதற்கு நான் சிரித்துவிட்டேன். ஊருக்கு ஒரு வழக்கம், தெரியாமல் செய்ததுதானே என்று அன்றைக்கு அது எனக்குச் சின்ன விஷயமாகத்தான் பட்டது.

இரண்டாம் நாள். உடலை அனுப்பும் காகிதங்கள் வர இன்னும் ஒரு நாள் ஆகும் என்றார்கள். அந்தோணிக்கு வேலை, அவன் தளம் வேறு, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரம். சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். முந்தின நாள் மதியத்திலிருந்து நான் ஒன்றும் தின்னவில்லை. செல்வம் வேலை பார்த்த தளத்தின் கேட்டுக்கு எதிர்த் தெருவில் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருந்தன. மெஸ்காரன் கண்ணோடு நுழைந்தேன்.

முதல் கடையில் ஒரு விரலைக் காட்டினேன். கடைக்காரர் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு மணிக்கு வரச் சொல்கிறார் என்று நினைத்து வெளியே வந்தேன். இரண்டாவது கடையிலும் இரண்டு விரல். மூன்றாவது கடைக்குள் போவதற்கு முன் குல்லாய்தான் காரணமோ என்று கழற்றிப் பைக்குள் வைத்தேன். அங்கேயும் இரண்டு விரல். அப்புறம் மீசை மேல் சந்தேகம் வந்தது. அதைக் கழற்ற முடியாதே. உள்ளே பாதி மேசைகள் காலியாகக் கிடந்தன.

கடைசியில் தெருமுனைப் பெட்டிக்கடை. பெட்டிக்கடை என்றால் நம்மூர் மாதிரி இல்லை, கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும். முக்கோணமாகப் பிடித்து வைத்த சோற்று உருண்டை ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக்கைப் பிரித்தால் உள்ளே கறுப்பாக இன்னொரு தாள். எம்புட்டுத் தாள்தான் சுற்றுவார்கள் என்று அதையும் உரித்துக் குப்பையில் போட்டேன். கல்லாவில் இருந்த பெண் பார்த்த பார்வையில் தெரிந்தது, அது தாள் இல்லை, தின்கிற கடற்பாசி என்று. கண்ணாடிச் சுவரை ஒட்டிக் கையகலப் பலகை. அதன் முன்னால் நின்றுகொண்டு நாலு பேர் தின்றார்கள், நாலு பேருக்கும் கண் ஃபோனில். ஐந்தாவதாக நானும் நின்றேன்.

என் மெஸ்ஸில் ஒற்றை ஆளாக வருகிறவன்தான் எனக்கு லட்டு. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே செருகிவிடுவேன். எதிரே இருப்பவனை முன்னே பின்னே தெரியாது. ரசத்துக்கு வருவதற்குள் இரண்டு பேரும் எந்த ஊர், யார் வகையறா என்று பேசி முடித்து, சில நேரம் சண்டையும் போட்டுவிடுவார்கள். தனியாகச் சாப்பிடுவது என்றால் என்னவென்று அந்தப் பலகை முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. சோற்றுக்கு ருசி இருந்ததா என்று கேட்டால் நினைவில்லை.

சாயங்காலம் அந்தோணி வந்து விளக்கினான். அந்தத் தெருவில் முக்கால்வாசிக் கடை மேசையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிற கடை. குறைந்தது இரண்டு ஆள் சாப்பாடு சொன்னால்தான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். ஒற்றை ஆளுக்குச் சாப்பாடு போடுகிற கடைகளும் உண்டு, ஆனால் பன்றியும் மாடும்தான். செல்வம் இரண்டையும் தொடமாட்டான். அவன் போனது கோழிக்கறிக் கடை ஒன்றுக்கு. அவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கூடப் போனதில்லை என்றான் அந்தோணி. இருவரும் சந்திப்பது மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைதான்.

கடையில் பத்து மேசை. கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், கையில் ரப்பர் உறை. அந்தோணி ஃபோனில் செல்வத்தின் படத்தைக் காட்டி என்னைக் கைகாட்டினான். அந்தம்மா உறைகளைக் கழற்றினாள். எங்களை ஒரு மூலை மேசைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். அவன் மேசை அதுதானாம்.

மேசை நடுவில் தோசைக்கல்லைவிடப் பெரிய இரும்புத் தட்டு. வத்தல் விழுதில் புரட்டிய கோழி, முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாவற்றையும் மலையாகக் கொட்டிக் கீழே அடுப்பைப் பற்றவைத்தாள். வேகவேகக் கத்தரிக்கோலால் கோழியை வெட்டினாள். என் கடை மாஸ்டர் இதைச் செய்தால் டெய்லர் கடைக்கு அனுப்பிவிடுவேன். மேசைக்கு அடியில் ஒரு இழுப்பறை. அதைத் திறந்து கரண்டிகளை எடுத்து வைத்தாள். பிறகு நின்றபடியே பேசினாள், அந்தோணி தமிழில் சொன்னான்.

"முதல் நாள் தனியாக வந்தான். இரண்டு பேர் வேண்டும் என்று விரலைக் காட்டினேன். வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றான். திரும்ப வந்து, நண்பன் வருகிறான் என்று ஃபோனைக் காட்டினான். சரி என்று பற்றவைத்தேன். அவனே இழுப்பறையைத் திறந்து இரண்டு கரண்டி எடுத்து வைத்தான். இரண்டு தம்ளரில் தண்ணீர் ஊற்றினான். நண்பன் வரவில்லை. மறுநாளும் அப்படியே. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, யாரும் வரப்போவதில்லை என்று."

எவ்வளவு காலம் என்று கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேல், வாரத்தில் ஐந்து நாளாவது வருவான் என்றாள்.

தெரிந்த பிறகு ஒரு ஆள் சாப்பாடு போட்டிருக்கலாமே என்று, கடைக்காரனுக்குக் கடைக்காரனாகக் கேட்டேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்தாளாம். இல்லை, நண்பன் வருவான் என்று அவனே இரண்டாவது கரண்டியை எடுத்து வைத்தானாம். அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை. பாதி தின்பான். மீதியைக் கட்டிக்கொண்டு போவான், மறுநாள் காலைக்கு.

அவளை எப்படிக் கூப்பிடுவான் என்று அந்தோணி கேட்டதற்கு, இமோ என்று கூப்பிடுவான் என்றாள். சின்னம்மா என்று அர்த்தமாம். அங்கே கடைக்காரப் பெண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பக்கத்து மேசையில் நீலச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர். அவர்கள் பேசுவதில் ‘இந்தோ’ என்று காதில் விழுந்தது. என்ன என்றேன். அந்தோணி சொல்லத் தயங்கினான், பிறகு சொன்னான். "அந்த இந்தியன் விழுந்த இடத்தில் நாளைக்கு வேலை ஆரம்பம்" என்கிறான் ஒருவன். "வெல்டிங் யார்?" என்கிறான் மற்றவன். "புது ஆள் வருகிறான்."

கறி முடிந்ததும் அந்தம்மா திரும்பி வந்து, தட்டில் ஒட்டியிருந்த மசாலாவில் சோற்றைக் கொட்டிச் சுரண்டிப் புரட்டினாள். நம்மூரில் கறிச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டுவோமே, அதே சட்டிச்சோறு. இந்த எழவெடுத்த நாக்கைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன்: அப்படி ஒரு ருசி. அந்தோணியால் தின்ன முடியவில்லை. அவன் பங்கையும் நான் தின்றேன். தின்றுகொண்டிருக்கும்போதே பாதியில் கை நின்றுவிட்டது.

அந்த நாற்பது பேர். ஒரு வருடமாக ஒரு ஆளாவது எதிரே வந்து உட்காரட்டும் என்று தண்ணீர் ஊற்றி வைத்தவனோடு சாப்பிட நாற்பது பேர் வந்து, சம்மணம் போட்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்பை அமத்தி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் மேலாளரைத் தேடிப் போய் நாற்பது பேருக்குச் சாப்பாடு போடச் சொன்னேன். மாட்டுக்கறியா என்று அந்தோணி கேட்டான். அன்று அவன் லீவு போட்டிருந்தான். அவர்கள் வழக்கம் எதுவோ அது என்றேன். கொப்பரை மறுபடி ஏறியது. மூடி போட்ட சில்வர் கிண்ணங்களில் சோறு, முள்ளங்கி, கிம்ச்சி, வேர்க்கடலை. நானே மேசை மேசையாகப் போய்க் கரண்டிகளை வைத்தேன். வேலை விடும் நேரத்துக்கு ஏப்ரன் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றேன்.

யாரும் வரவில்லை. துட்டிக்கு இரண்டு தடவை வருகிற வழக்கம் அங்கேயும் இல்லை.

கோழிக்கறிக் கடைக்காரம்மா கடையைச் சாத்திவிட்டு, கறுப்பு உடுப்பில் வந்தாள். அந்தோணி இருந்தான். மேலாளர் மரியாதைக்காக உட்கார்ந்தார். சமையல்காரப் பெண்கள் இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்தேன். ஐந்து பேருக்கும் நான்தான் பரிமாறினேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தமிழிலேயே. பிறகு போட்டோ தெரிகிற மாதிரி உட்கார்ந்து அந்தச் சிவப்புக் குழம்பை நானும் குடித்தேன். காரம் குறைவு, கீரைத்தண்டு மாதிரி ஏதோ கிடந்தது. உள்ளே போன கறி எது என்பது அக்காளுக்குத் தெரிய வேண்டியதில்லை. மீதிச் சோறு மூடி திறக்காமல் வரிசையாக ஆறிப்போனது.

திரும்பி வந்ததில் சொல்ல ஒன்றுமில்லை. மேலே இருக்கையில் நான், அடியில் சரக்குகளோடு அவன். சென்னையிலிருந்து ஆம்புலன்ஸ். வழி நெடுக ஒரே ஒத்திகை: அக்காளிடம் எதைச் சொல்வது, எதை விடுவது. பொய் சொல்லக் கூடாது, உண்மையையும் சொல்லக் கூடாது. வத்திராயிருப்பு விலக்கைத் தாண்டும்போது வாக்கியம் கிடைத்துவிட்டது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனை எடுத்துப் போய் எரித்துவிட்டு வந்தோம். கான்சாபுரத்துச் சம்பந்தக்காரர்கள் சோறும் குழம்பும் ஆக்கிக் கொண்டு வந்திருந்தார்கள். அக்காள் முன்னால் இலையைப் போட்டு மகள் சோறு வைத்தாள். அக்காள் இலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் சாப்ட்ருக்கான்க்கா" என்றேன். "கடைக்காரம்மாவையே பாத்துப் பேசிட்டுத்தான் வாரேன். தெனமும் சுடச்சுடக் கோழிக்கறி. அதுவும் ஒரு ஆளு சாப்பாடு இல்ல, ரெண்டு ஆளு சாப்பாடு."

அக்காளின் கை சோற்றுக்குப் போனது. பிசைந்தாள். சுற்றி இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். அதோடு நான் எழுந்து போயிருக்க வேண்டும். ஒரு வார்த்தை நன்றாக எடுபட்டால் நாலு வார்த்தை கூடப் பேசுகிற வாய் எனக்கு. அவனுக்கென்று தனி மேசை, ராசா மாதிரி உட்காருவான், ரெண்டு கரண்டி, ரெண்டு தம்ளர் தண்ணி என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

பிசைந்த கை நின்றது.

"ரெண்டாவது தம்ளர் யாருக்கு?" என்றாள்.